மூலையில் பூ வைத்த போர்வை

தகவல் துளி!

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் வட்டாரங்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். இவர்கள் வீட்டுப் பெண்கள் பழந்துணியை வீணாக்குவதில்லை. பழைய சேலையை அடியில் விரித்து, மேலே சட்டை, பாவாடைத் துண்டுகளை வைத்து, கையாலேயே ஊசி ஓட்டிப் போர்வை தைக்கிறார்கள். மூலையில் தொடங்கும் தையல், விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடியும். நான்கு மூலைகளிலும் மடித்த துணியில் பூ வைத்தால்தான் வேலை நிறைவு.

அம்மாவும் பாட்டியும் தைக்கும்போது கூடவே உட்கார்ந்துதான் மகள்கள் இதைக் கற்கிறார்கள்.

நேயர்களே, தையல் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இந்த வாரமே ஊசி நூலோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்; பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்!