மிஞ்சும் வெயிலில் ஓடும் வாகனம்

ஜேர்மனியில் கூரைமேல் சூரியத் தகடுகள் பூட்டிய வீடுகளில் இப்பொழுது எழும் கேள்வி இது: நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தை விற்பதா, வாசலில் நிற்கும் மின்வாகனத்துக்கு ஏற்றுவதா?

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம், கூரையில் விளையும் மின்சாரத்தை இருபது ஆண்டுகளுக்கு நிலையான விலையில் வாங்கும் கடப்பாட்டை மின்வலையமைப்பு நிறுவனங்கள்மீது சுமத்தியது. 2004 இல் வீட்டுக்கூரையில் தகடு பூட்டியவர்களுக்கு அலகொன்றுக்கு, அதாவது ஒரு கிலோவாற் மணிக்கு, 57.4 சதம் கிடைத்தது. வீட்டுப் பாவனைக்கு வாங்கிய மின்சாரத்தின் விலையோ ஏறத்தாழ அதன் மூன்றிலொரு பங்கே. ஆதலால் விளைந்தது முழுவதையும் விற்பதே இலாபமாக இருந்தது.

இன்று நிலைமை தலைகீழ். 2025 ஓகஸ்ட் மாதத்தில் இயங்கத் தொடங்கிய சிறிய கூரைத்தொகுதிகளின் மிகைமின்சாரத்துக்கு 7.86 சதமே விலை. 2004 இல் பூட்டியவர்களின் இருபதாண்டுக் காலமும் 2024 முடிவில் நிறைவெய்திவிட்டது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மின்வாகனம் ஒன்று நூறு கிலோமீற்றர் ஓட, ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 20 அலகு வேண்டும். வாங்கும் மின்சாரம் அலகு 35 சதம் எனக் கொண்டால் செலவு 7 யூரோ. மிகைமின்சாரமும் இலவசமன்று, விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 8 சதத்தை நாம் இழக்கிறோம். எனினும் அச்செலவு 1 யூரோ 60 சதம் மட்டுமே.

இவ்வேறுபாட்டின் கவர்ச்சி 2023 செப்ரெம்பரில் வெளிப்பட்டது. சூரியத் தகடு, மின்கலத்தொகுதி, மின்னேற்றி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பூட்டுவோருக்கு 10,200 யூரோ வரை உதவும் அரச திட்டத்தின் 300 மில்லியன் யூரோ, ஒரே நாளில் தீர்ந்துபோயிற்று. சொந்த வீட்டில் வாழ்ந்து, மின்வாகனமும் வைத்திருப்போர் அல்லது அதை வாங்க உறுதியாகப் பதிவுசெய்திருப்போரே விண்ணப்பிக்க முடிந்தது. வாடகைக் குடியிருப்பாளர்களுக்கு அதில் இடமில்லை.

ஏற்றும் முறையில் நாம் அறிந்திருக்க வேண்டிய எல்லையொன்று உண்டு. வீட்டு மின்மானியருகே பொருத்தப்படும் உணரி, வெளியே பாயும் மின்சாரத்தை அளந்து மின்னேற்றிக்கு அறிவிக்க, அது ஏற்றும் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். ஆயினும் 6 அம்பியருக்குக் கீழே வாகனம் மின்னேற்றம் பெறாது. 230 வோல்ற்றில் அது 1,380 வாற். மும்முனை இணைப்பானால் 4,140 வாற். முகில் மறைத்து மிகை இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் மின்னேற்றம் நின்றுவிடும், அல்லது வலையமைப்பிலிருந்து வாங்கத் தொடங்கும். ஆகவே ஒருமுனைக்கும் மும்முனைக்கும் தானே மாறவல்ல மின்னேற்றியே இதற்குப் பொருத்தமானது. 2024 முதல் 800 வாற் வரை அனுமதிக்கப்படும் மாடமுகப்புத் தகடுகளால் மட்டும் வாகனத்தை ஏற்ற இயலாது என்பதும் இதனாற் புலப்படும்.

பருவகாலம் அடுத்த தடை. யூன் மாதத்தில் விளைவதில் ஐந்திலொரு பங்குகூட டிசெம்பரில் விளைவதில்லை. எனவே குளிர்காலத்தில் வாகனம் பெரும்பாலும் வாங்கிய மின்சாரத்திலேயே ஓடும். பகலில் வீட்டு மின்கலத்தில் சேமித்து இரவில் வாகனத்துக்கு மாற்றலாம் என்போரும் உளர். 10 அலகு கொள்ளும் வீட்டு மின்கலம் 60 அலகு கொள்ளும் வாகனத்துக்குப் போதாது. இருமுறை மாற்றுவதில் இழப்பும் கூடும்.

ஆக, இலாபத்தைத் தீர்மானிப்பது கூரையின் அளவு மட்டுமன்று. வெயில் எறிக்கும் வேளையில் வாகனம் எங்கே நிற்கிறது என்பதுமே. காலையிற் சென்று மாலையில் மீள்பவரின் வாகனத்துக்கு வார இறுதி வெயில் மட்டுமே கிட்டும். இரவுவேலை பார்ப்பவரின் வாகனமோ, அவர் உறங்கும் பகல் முழுவதும் வாசலில் நிற்கிறது. மற்றெல்லா வகையிலும் உடலை வருத்தும் வேலைநேரம், இந்த ஒன்றில் அவருக்குச் சாதகமாக அமைகிறது.

ஆதலின், விற்பனையாளரின் விலைப்பட்டியலில் ஒப்பமிடுமுன் இரு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வாகனம் வீட்டில் நின்ற மணித்தியாலங்களை நாள்தோறும் எழுதுங்கள். அந்தத் தொகை சிறிதாயின், இதற்கென விலைகூடிய மின்னேற்றி வாங்குவதில் பயனில்லை.