சார்லட் ஃபோர்ட்டன் அம்மையாரின் ஆசிரியப் பணியும் எழுத்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் வரிசையில் சார்லட் ஃபோர்ட்டன் அம்மையார்க்குச் சிறிய இடமே தரப்பெறுகின்றது. அவர் இயற்றி அச்சேறிய பாடல்கள் மிகச் சிலவே. அவற்றை மட்டும் கொண்டு மதிப்பிடுவோர் அவரைச் சிறு புலவர் எனக் கூறி அமைவர். ஆசிரியப் பணியையும் உரைநடையையும் உடன்வைத்து நோக்கினாலன்றி அவர்தம் பெருமை புலப்படாது என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மையார் 1837ஆம் ஆண்டு பிலடெல்ஃபியா நகரில், அடிமைத்தளை இல்லாத கறுப்பினக் குடும்பத்தில் தோன்றினார். பாட்டனார் ஜேம்ஸ் ஃபோர்ட்டன் கப்பற்பாய் செய்யும் தொழிலாற் பெரும்பொருள் ஈட்டியவர். அடிமை முறையை எதிர்த்தவர். செல்வம் இருந்தும் நகரப் பள்ளிகள் நிறவேற்றுமை பாராட்டின. ஆதலின், 1853இல் அம்மையார் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகருக்குக் கல்வி கற்க அனுப்பப்பெற்றார். ஆசிரியப் பயிற்சியில் 1856இல் தேறி, அந்நகரில் வெள்ளையர் குழந்தைகளுக்குக் கற்பித்த முதற் கறுப்பின ஆசிரியரானார். அடிமை எதிர்ப்பு இதழ்களில் அவர்தம் பாடல்கள் வெளிவரத் தொடங்கியதும், நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் இக்காலத்தேயாம்.

உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1862இல் அவர் தென் கரோலினாவைச் சார்ந்த செயின்ட் ஹெலினா தீவை அடைந்தார். அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றம் என 1834இல் சட்டம் செய்த மாநிலம் அது. வடவர் படை வருகையால் நிலக்கிழார்கள் தீவைவிட்டு ஓடினர்; அடிமைகளாயிருந்தோர் அங்கேயே தங்கினர். லாரா டவுன், எலன் மரே என்னும் இருவர் அவர்களுக்கெனத் தொடங்கிய பென் பள்ளியில் அம்மையார் ஆசிரியரானார். வகுப்புகள் நடந்த செங்கல் தேவாலயம் 1855இல் அடிமைகளின் உழைப்பால் எழுந்ததாகும். அங்கு நெடுங்கணக்கோடு, ஹெய்ட்டியின் விடுதலைத் தலைவர் தூசான் லூவெர்த்தூர் வரலாற்றையும் அவர் கற்பித்தார். தம் இனத்தான் ஒருவன் ஆற்றிய செயலைச் சிறுவர் அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

தீவு மக்கள் பாடிய பாடல்களைக் கேட்டெழுதி, 1864இல் அட்லாண்டிக் மந்த்லி இதழில் தாம் வரைந்த கட்டுரையில் வெளியிட்டார். அத்தகைய பாடல்களின் முதல் நூற்றொகுப்பு 1867இல்தான் வெளிவந்தது என்பது ஈண்டு நினையத்தக்கது. எழுத்து மறுக்கப்பட்டோர்க்கு எழுத்தறிவித்தவரே அவர்தம் வாய்மொழியையும் எழுத்தில் நிலைநிறுத்தினார். இவ்விரண்டும் ஒரே பணியின் இருகூறுகள் எனலாம்.

நலிந்த உடலினராய் 1864இல் தீவை நீங்கிய அம்மையார், அடிமையாகப் பிறந்து சமயகுருவாக உயர்ந்த பிரான்சிஸ் கிரிம்கேயை 1878இல் மணந்தார். ஒரே மகளைக் குழவிப் பருவத்தே இழந்தார். 1914இல் வாஷிங்டனில் மறைந்தார். அவர்தம் நாட்குறிப்பு 1953இல் சுருக்கமாகவும், 1988இல் விரிவாகவும் பதிப்பிக்கப்பெற்றது. பாடல்களின் எண்ணிக்கை குறைவாயினும், கற்பித்தலும் எழுதுதலும் வேறல்ல எனக் காட்டிய அவ்வாழ்வு இலக்கிய வரலாற்றில் உரிய இடம் பெறற்பாலது.