பருவக்காற்றும் கடற்கரையும்



டிசம்பர் விடுமுறை வந்ததும் கடற்கரைக்குச் செல்ல நம் உள்ளம் துடிக்கின்றது. ஆயினும், எந்தக் கரைக்கு எப்போது செல்வது என்பதை நாம் முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகின்றது. பரந்த தென்சீனக் கடலைத் தடையின்றிக் கடந்து வரும் அக்காற்று, கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் பேரலைகளை எழுப்புகின்றது. அக்காலத்தில் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் தங்கும் விடுதிகள் பல அடைக்கப்படுகின்றன. மேற்குக் கரையிலுள்ள போர்ட்டிக்சனிலோ அத்துணைச் சீற்றம் இல்லை. இடையே தித்திவாங்சா மலைத்தொடர் அரணாக நிற்கின்றது.

அவ்வாறாயின் கிழக்குக் கரைக்குச் செல்லவே கூடாதா? செல்லலாம். ஆளரவமற்ற மணலில் தள்ளி நின்று இயற்கையின் பேராற்றலைக் கண்டு மகிழலாம்; நீராட மட்டும் இறங்கலாகாது. கரையில் மோதிய நீர், ஒடுங்கிய ஓட்டமாகக் கடலுக்குத் திரும்பும்போது ஆளையும் இழுத்துச் செல்லும். இரு பக்கமும் அலை கொந்தளிக்க, நடுவே அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் அதன் பாதையாகும். அமைதி கண்டு ஏமாறுதல் கூடாது. சிவப்புக் கொடி பறந்தால் விலகி நிற்போம்.

கடல் எங்கும் ஓடிவிடாது. மே மாதத்தில் அது அமைதியுற்று நமக்காகக் காத்திருக்கும். பருவமறிந்து செல்வோம், நலமாக இல்லம் திரும்புவோம்!