ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு கைப்பேசி: கிடைப்பது என்ன, விட்டுக்கொடுப்பது என்ன?

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் என் அத்தையின் கைப்பேசி, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அழைப்பு வந்தது, வாட்ஸ்அப் ஓடியது, திரையின் ஓரத்தில் ஒரு கீறல் மட்டும். ஒரு நாள் வங்கிச் செயலி திறக்க மறுத்துவிட்டது. கைப்பேசியின் மென்பொருள் பழையதாகிவிட்டதால் இனி இதில் இயங்காது என்றது அறிவிப்பு. மாமா இறந்த பிறகு மாதந்தோறும் வரும் சொக்சோ ஓய்வூதியம் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. பணம் வந்துவிட்டதா என்று பார்க்கக்கூட அத்தை வேன் பிடித்துப் பட்டணத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

“போன் கெட்டுப் போகலயே, பிறகு ஏன் மாத்தணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று கடைகள் ஏறி இறங்கிய பிறகுதான் எனக்கே ஒழுங்கான பதில் கிடைத்தது. அது அத்தைக்கு மட்டும் பயன்பட்டால் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கைவிட்டு, அதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. அதன் பிறகு பணம் அனுப்புவதற்கான ஒப்புதலை வங்கிச் செயலிக்குள்ளேயே தரும் வழக்கம் வந்துவிட்டது. அதுவும் ஒருவருக்கு ஒரே கைப்பேசிதான். ஆகவே, மென்பொருள் நின்றுபோன கைப்பேசி, பேச உதவும், பணத்துக்கு உதவாது.

கடைக்காரர்கள் ‘மிட்ரேஞ்ச்’ என்று சொல்வது ஏறக்குறைய 1,000 வெள்ளிக்கும் 2,000 வெள்ளிக்கும் இடைப்பட்ட கைப்பேசிகளை. நாம் இடைநிலைக் கைப்பேசி என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்படிப் பார்த்தால், தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் பலருக்கு இது ஒரு மாத உழைப்பு. தவணையில் வாங்கினாலும் தொகை அதேதான்.

எதை வெட்டுகிறார்கள்?

இடைநிலைக் கைப்பேசியைச் செய்பவர், உயர்விலைக் கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு, எதை வெட்டினால் வாங்குபவர் கடையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் கவனிக்கமாட்டார் என்று யோசிக்கிறார். திரையை வெட்டமாட்டார், முதலில் கண்ணில் படுவது அதுதான். வெட்டு விழுவதெல்லாம் உள்ளேயும் பின்னேயும்.

நாங்கள் அதிகம் கையில் எடுத்துப் பார்த்தது சாம்சுங் கேலக்ஸி ஏ55. 2024 மார்ச்சில் வந்த கைப்பேசி. அடுத்த ஆண்டு ஏ56 வந்தபின் இதன் விலை கடைகளில் இறங்கியிருக்கிறது. 6.6 அங்குல அமோலெட் திரை, வெயிலில் பிடித்தாலும் எழுத்து தெரிகிறது. சட்டம் அலுமினியம், இதற்கு முந்தைய ஏ54-இல் அது பிளாஸ்டிக். ஐபி67 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது சோதனைக் கணக்கு. காலை மழையில் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால், நீர் புகுந்து பழுதானால் உத்தரவாதம் பொதுவாகக் கைகொடுக்காது. சோப்புத் தண்ணீரும் கடல்நீரும் இந்தக் கணக்கில் சேராது.

விட்டுக்கொடுத்தவை எவை? தொலைவில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் தனிக் கேமரா இல்லை. கம்பியில்லா மின்னூட்டம் இல்லை. காதுக்கருவிக்கான பழைய துளை இல்லை. பெட்டிக்குள் சார்ஜரும் இல்லை, கம்பி மட்டும்தான். எக்ஸினோஸ் 1480 என்ற அதன் சில்லு அன்றாட வேலைக்குத் தாராளம். கனமான விளையாட்டுகளை முழு அழகோடு ஓட்ட நினைக்கும் பிள்ளைகளுக்குத் திருப்தி தராது. எடை 213 கிராம். அத்தை கையில் வாங்கியதும், “என்ன இது, அம்மிக்கல்லு மாதிரி?” என்றார். இந்தக் குறையை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

கேமராவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 50, 108, 200 மெகாபிக்சல் என்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். இந்தக் கேமராக்கள் வழக்கமாகப் பல புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. கேட்க வேண்டியது, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ‘ஓஐஎஸ்’ இருக்கிறதா என்பதை. தைப்பூச இரவில் காவடி படம் தெளிவாக விழுவதும் குழம்பிப்போவதும் ஓரளவு அதைப் பொறுத்தது. ஏ55-இல் அது உண்டு. 2 மெகாபிக்சல் ‘மேக்ரோ’ என்று கூடுதலாக ஒரு கண் வைத்திருக்கும் கைப்பேசிகளில் அந்தக் கண், கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான்.

இன்னொரு கண்கட்டு, ‘8 + 8 ஜிபி ரேம்’ என்ற ஒட்டுத்தாள். இரண்டாவது எட்டு உண்மையான ரேம் அல்ல. சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துகிறார்கள். வேகம் ஒன்றாகாது. 16 என்று கடைக்காரர் சொன்னால் 8 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

19 நிமிடமா, ஐந்து ஆண்டா?

இரண்டாவது கடையில் அத்தையின் கண் போனது ரெட்மி நோட் 13 புரோ பிளஸ் மீது. 2024 ஜனவரியில் வந்தது. 200 மெகாபிக்சல் கேமரா, ஏ55-ஐவிடக் கூடுதலான ஐபி68 தரம், பெட்டிக்குள்ளேயே 120 வாட் சார்ஜர். பேட்டரி 19 நிமிடத்தில் நிரம்பும் என்கிறது நிறுவனம். ஏ55 எடுப்பது 25 வாட் மட்டும். அதே 5,000 எம்ஏஎச் பேட்டரியை நிரப்ப ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரெட்மிதான் கவர்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடாத ஓர் எண்ணைக் கேட்ட பிறகு கணக்கு மாறியது. எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தருவார்கள்? ஏ55-க்குச் சாம்சுங் சொல்வது நான்கு ஆண்ட்ராய்டு தலைமுறை, ஐந்து ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு. ஆண்ட்ராய்டு 14-இல் தொடங்கியதால் 18 வரை போகும். பாதுகாப்பு 2029 வரை. ரெட்மிக்கு மூன்று தலைமுறை, நான்கு ஆண்டு. அதிலும் அது ஆண்ட்ராய்டு 13-உடன் வந்தது, அப்போது 14 ஏற்கெனவே வெளியாகிவிட்டது. மூன்றில் ஒன்று, பெட்டியைத் திறக்கும் முன்பே கழிந்த மாதிரி.

இந்த ஆண்டுக் கணக்கு, கைப்பேசி அறிமுகமான நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கும் நாளிலிருந்து அல்ல. விலை இறங்கட்டும் என்று ஓராண்டு காத்திருந்து வாங்கினால், மிச்சமான பணத்தோடு ஓர் ஆண்டு ஆயுளும் போய்விடுகிறது. புதுப்பிப்பு நின்ற மறுநாளே செயலிகள் நின்றுவிடாது. சில ஆண்டுகள் ஓடும். பிறகு ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 மே மாதம் வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா, ஐஓஎஸ் 15.1-க்குக் கீழான ஐபோன்களைக் கைவிட்டது. ஆண்ட்ராய்டில் பழையவற்றையும் இதேபோல அவ்வப்போது கழற்றிவிடுகிறார்கள்.

வாங்கும் பணத்தை மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 700 வெள்ளிக் கைப்பேசி இரண்டு ஆண்டில் கைவிடப்பட்டால் ஆண்டுக்கு 350. அதுவே 1,500 வெள்ளிக்கு வாங்கி ஐந்து ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 300. மலிவானது எது என்பது இப்படித்தான் சில நேரம் தலைகீழாகிறது.

அதற்காக வேகமான மின்னூட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடத்தில் இருப்பவருக்கும், இரண்டு வேலை பார்ப்பவருக்கும், உணவு விநியோகம் செய்யும் தம்பிகளுக்கும் அந்த 19 நிமிடம் வயிற்றுப் பிழைப்பு. அவர்கள் ரெட்மியை எடுத்தால் அது தவறு என்று சொல்லமாட்டேன்.

தோட்டத்தில் சிக்னல்

பட்டணத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதனால் இன்று குரல் அழைப்புக்கு இரண்டு வழிதான். ஒன்று, 4ஜி வழியாகவே பேசுவது. அமைப்புப் பகுதியில் ‘வோ எல்டிஇ’ என்று இருக்கும். அது வேலை செய்யாவிட்டால் கைப்பேசி பழைய 2ஜி-க்கு இறங்கும். இறங்கும்போது குரல் மங்கும், பேசி முடிக்கும்வரை இணையமும் தடைபடும். “எங்கள் தோட்டத்தில் லைன் சரியில்லை” என்று நாம் குறைப்படும் சில வேளைகளில் குற்றம் கோபுரத்தில் இல்லை, கையில் இருக்கிறது.

இதனால்தான் ‘ஏபி செட்’ எனப்படும், வேறு நாட்டுச் சந்தைக்கென்று செய்து இங்கே இறக்குமதியாகும் கைப்பேசியில் கவனம் தேவை. விலை குறைவு என்பது உண்மை. ஆனால், அவற்றில் சிலவற்றுக்கு நம் நாட்டு நிறுவனங்களின் ‘வோ எல்டிஇ’ ஒத்துவருவதில்லை. உத்தரவாதமும் தயாரிப்பாளருடையதாக இல்லாமல் கடையுடையதாக இருக்கும். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் சிம்மைப் போட்டு, கடையிலிருந்தே ஓர் அழைப்பு செய்யுங்கள். பேசும்போது மேலே 4ஜி என்றே நிற்கிறதா, 2ஜி-யைக் குறிக்கும் ஈ எழுத்துக்கு மாறுகிறதா என்று கவனித்தால் போதும்.

5ஜி-யும் அப்படியே. இங்கே அது 700 மெகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. தொலைவில் கோயில் திருவிழா நடந்தால் முதலில் நம் காதில் விழுவது உருமி மேளத்தின் தாழ்ந்த அதிர்வுதானே? வானலையும் அப்படித்தான். தாழ்ந்த 700 அதிகத் தூரம் போகும், மரங்களையும் சுவரையும் ஓரளவு துளைக்கும், 3.5 வேகமானது, சீக்கிரம் தேய்ந்துவிடும். வாங்கும் கைப்பேசி இரண்டையும் பிடிக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் தோட்டத்தில் இன்னும் 5ஜி எட்டிப் பார்க்கவில்லை என்றால், அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாக அத்தை எடுத்தது ஏ55. நான் ஏ56-ஐப் பரிந்துரைத்தேன். அதற்கு ஆறு ஆண்டு புதுப்பிப்பு, 45 வாட் மின்னூட்டம். ஆனால், ஏ56-இல் நினைவக அட்டை போட இடமில்லை. பழைய கைப்பேசியின் அட்டையில்தான் மாமாவின் படங்களெல்லாம் இருக்கின்றன. அத்தைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை; சில நூறு வெள்ளி மிச்சம் வேறு.

இதிலும் ஒரு விட்டுக்கொடுப்பு இருந்தது. ஏ55-இல் அட்டைக்கும் இரண்டாவது சிம்முக்கும் ஒரே இடம். அத்தையிடம் இரண்டு சிம், வீட்டில் ஒன்று பிடிக்கும், கடைத்தெருவில் மற்றொன்று பிடிக்கும். அட்டையைப் போட்டு, படங்களை எல்லாம் கைப்பேசிக்குள் நகலெடுத்துவிட்டு, அட்டையைக் கழற்றி இரண்டாவது சிம்மைப் போட்டோம். அட்டை இப்போது சாமி மாடத்தில், மாமாவின் படத்துக்குக் கீழே ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் நாளையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கைப்பேசியில் வங்கிச் செயலியை முதன்முறை பதிந்தால், மோசடியைத் தடுப்பதற்காகச் சில மணி நேரக் காத்திருப்பு உண்டு. அதுவரை பணம் அனுப்ப முடியாது. வீட்டுத் தவணையோ பள்ளிக் கட்டணமோ கட்ட வேண்டிய நாளில் கைப்பேசியை மாற்ற வேண்டாம். இது தெரியாமல் நாங்கள் கடையிலேயே அரை மணி நேரம் நின்று கடைக்காரரைப் படுத்தி எடுத்தோம்.

மறுநாள் காலை அத்தை அழைத்தார். ஓய்வூதியம் இரண்டு நாளுக்கு முன்பே வந்துவிட்டதாம். பின்னால் சேவல் கூவுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.