கரிக்கும் குட்டையில் பாசி: எந்த மீனை விடலாம், எந்த நத்தை ஆகாது?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கிராமங்களில் மழைக்காலம் முடிந்ததும் குட்டைத் தண்ணீர் மெல்லக் கரிக்கத் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற, அடியில் படிந்திருந்த நூல்பாசி குமிழிகளோடு மேலே கிளம்பிப் பாய் விரித்தாற்போல் மிதக்கும். பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவே பிராணவாயுவை இழுத்துக் கொள்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனால்தான். இரண்டு நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்துவிட்டால் குட்டையிலுள்ள மீன் முழுவதும் செத்து மிதப்பதும் உண்டு.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் கரைத்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இது சரியான முறையல்ல. செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் பிராணவாயுவும் போய்விடும். தாமிரம் சேற்றிலேயே தங்கிவிடும். பாசியைத் தின்னும் மீனை விட்டுவிட்டால் பாசியும் அடங்கும், மீனும் கிடைக்கும். ஆனால் கடைக்காரர் ‘பாசி தின்னி’ என்று காட்டுவதெல்லாம் நம் பகுதித் தண்ணீருக்கு ஒத்துவராது.

கரிப்புத் தண்ணீருக்கு ஏற்றவை பால்கெண்டை, செத்தக்கெண்டை, மடவை ஆகிய மூன்றும்தான். மூன்றும் நம் கடற்கரைக்கே உரியவை.

இவற்றில் முதலிடம் பால்கெண்டைக்கே. அதன் வாயில் பல் கிடையாது. குட்டையின் அடியில் விரிப்பாகப் படியும் பாசியை மேய்ந்தே வளரும். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பல நூற்றாண்டுகளாக இம்மீனைக் குட்டைகளில் வளர்க்கிறார்கள். பிலிப்பைன்ஸில் பாசி விரிப்புக்கு ‘லாப்லாப்’ என்றே பெயர் வைத்து, எரு இட்டுப் பயிர்போல் வளர்த்து, அதன்மேல் மீனை மேய விடுகிறார்கள். நாம் தொல்லை என்று வாரிப் போடுவது அவர்களுக்குத் தீவனம். கோடையில் குட்டைத் தண்ணீர் கடல் நீரைவிட அதிகமாகக் கரித்தாலும் இம்மீன் தாங்கும். சென்டுக்கு 15 முதல் 20 விரலளவுக் குஞ்சுகள் போதும். ஆறேழு மாதத்தில் அரைக் கிலோவை நெருங்கிவிடும்.

முன்பு பால்கெண்டைக் குஞ்சு வேண்டுமென்றால் கழிமுகங்களில் வலை வீசித்தான் சேகரிக்க வேண்டும். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2015ஆம் ஆண்டில் முட்டுக்காட்டில் பொரிப்பகத்திலேயே குஞ்சு உண்டாக்கிக் காட்டியது. முட்டுக்காடும் நமது கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. குஞ்சு எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டி விசாரித்துக் கொள்ளலாம்.

செத்தக்கெண்டையைக் கேரளத்தில் கரிமீன் என்பார்கள். அங்கே அது 2010 முதல் மாநில மீன். நூல்பாசியைக் கடித்துத் தின்பதில் கெட்டிக்காரன். வளர்ச்சி மந்தம், 150 கிராம் வரவே எட்டு மாதத்துக்கு மேலாகும். ஆனால் குட்டையிலேயே குஞ்சு பொரிக்கும், ஆகவே ஒருமுறை வாங்கினால் போதும். முட்டை ஒட்டுவதற்குக் கல்லோ, ஓடோ, தென்னை மட்டையோ போட்டு வையுங்கள். மடவை சேற்றோடு சேர்ந்த நுண்பாசியை வழித்துத் தின்னும். பால்கெண்டையோடு கலந்து விடலாம்.

ஜிலேபி கெண்டையும் பாசி தின்னும் என்பது உண்மை. 1952இல் நம் நாட்டுக்கு வந்த மீன் அது. ஓயாமல் குஞ்சு போட்டுக் குட்டையை நிரப்பிவிடும். கடைசியில் எல்லாம் விரலளவிலேயே நின்றுபோகும். வேண்டாம் என்பதே நம் யோசனை.

நல்ல தண்ணீர்க் குட்டையானால் கணக்கு வேறு. தண்ணீரே பச்சையாக இருந்தால் வெள்ளிக்கெண்டை, நீர்ச்செடி மண்டியிருந்தால் புல்கெண்டை, கூடவே ரோகு. இவற்றைக் கரிக்கும் தண்ணீரில் விட்டுக் காசைத் தொலைக்க வேண்டாம்.

உப்பளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் நீர் முதலில் வந்து தேங்கும் தேக்கத்தில்தான் மீனுக்கு இடம். அங்கே தரையோடு படியும் பாசி விரிப்பு நீர்க்கசிவை அடைக்கும், அதை முழுவதும் அழிக்கக் கூடாது. கொழகொழவென்று வழுக்கும் பாசிதான் கெடுதல். அது பாத்திக்குப் போனால் உப்பு பொடியாக விளையும். போமானியில் 10 டிகிரியைத் தாண்டிய நீரில் மீன் விடுவது வீண்.

இனி நத்தை. வயலுக்கும் மாட்டுக்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கண்ணாடித் தொட்டிக் கடைகளில் மஞ்சள், தங்க நிறங்களில் ஆப்பிள் நத்தை விற்கிறார்கள். இதன் இனத்தைச் சேர்ந்த தென் அமெரிக்கத் தங்க நத்தையை, உணவுக்காக வளர்க்கலாம் என்று 1980களில் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அது வாய்க்கால் வழியே வயலில் இறங்கி இளம் நாற்றை அடியோடு அறுத்தது. இன்றுவரை அங்கே நெல்லுக்குப் பெரும் பகை. நம் ஊர் ஏரி நத்தை கரை மண்ணில் வெள்ளை முட்டையிடும். தங்க நத்தை நீருக்கு மேலே தண்டிலும் சுவரிலும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தை ஒட்டும். வாய்க்கால் ஓரம் அப்படிக் கண்டால் உடனே நசுக்கிவிட்டு வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள்.

தொட்டிச் செடிகளோடு ஒட்டிவரும் சிறு நத்தைகளையும் குட்டையில் கொட்டாதீர்கள். ஆடுமாடுகளின் ஈரல் தட்டைப்புழு சிலவகைச் சிறு நத்தைகளின் உடலில் வளர்ந்துதான் கரைப் புல்லுக்கு வருகிறது. மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையில் நத்தையை விடவே வேண்டாம். உவர்க் குட்டையிலும் நத்தையால் பயனில்லை. சேற்றில் மொய்க்கும் கூம்பு நத்தை பால்கெண்டைக்குரிய பாசியைத் தின்றுவிடும். கோடையில் குட்டையை வற்றவிட்டு வெடிக்கக் காயவைத்தால் குறையும்.

வீட்டில் பிள்ளைகள் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தால், முதலில் அதைச் சன்னல் வெயிலிலிருந்து நகர்த்துங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். பாதிப் பாசி அதிலேயே போய்விடும். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளவில்லை என்று ஏரியில் விட்டால் கரையைக் குடைந்து வளை போடும், வலையைக் கிழிக்கும். நம் கிணற்று உப்புத் தண்ணீருக்கு ஏற்றது மோலி. சற்றுக் கரித்தாலும் பாசியைக் கொறித்துக்கொண்டு பிழைக்கும். நத்தைதான் வேண்டும் என்றால் கடையில் கிடைக்கும் நெரைட் நத்தை. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டையிடும். அதன் குஞ்சு நல்ல தண்ணீரில் பிழைக்காது, ஆகவே பெருகித் தொல்லை தராது.

தொட்டியில் மிஞ்சியதை எக்காரணம் கொண்டும் கழுவெளியில் விடாதீர்கள். அது 2021 டிசம்பர் முதல் பறவைகள் சரணாலயம். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

குஞ்சு வாங்கி வந்ததும் பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் குட்டையில் மிதக்க விடுங்கள். பிறகு குட்டைத் தண்ணீரை ஒவ்வொரு குவளையாகப் பையில் சேர்த்து, ஒரு மணி நேரம் பழக்கி, மாலையில் விடுங்கள். உவர்நீர் வளர்ப்புக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் பற்றி மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.