பன்னிரண்டுக்கு என்ன குறைச்சல்?

நான் பி.காம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கம்ப்யூட்டரோடு எனக்குள்ள உறவெல்லாம், கணக்கு டாலியானால் ஆறு மணி பஸ், ஆகாவிட்டால் ஒன்பது மணி பஸ் என்ற அளவில்தான்.

அப்படிப்பட்டவன் புரோகிராம் எழுதக் கிளம்பியதற்குக் காரணம் என் பெண். இரண்டாம் வகுப்பு. தினமும் பத்துக் கணக்கு போடவேண்டும் என்று டீச்சர் உத்தரவு. செல்போனில் இலவசமாகக் கிடைத்த கணக்கு விளையாட்டில் இரண்டு கூட்டலுக்கு ஒரு விளம்பரம் வந்தது. 'நாமே எழுதினால் என்ன?' என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

பைத்தான் என்றொரு கம்ப்யூட்டர் மொழி. கைடோ வான் ராஸம் என்ற டச்சுக்காரர் 1991-ல் வெளியிட்டது. பாம்பு என்று பயப்படாதீர்கள். 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் டி.வி. காமெடி கோஷ்டியின் ஞாபகமாக வைத்த பெயர். காசு கிடையாது. இறக்கிக்கொண்டேன்.

விஷயம் சுலபம். ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் இரண்டு எண்களைக் குலுக்கிப் போடு. கூட்டச் சொல். பதில் ஒத்துப்போனால் 'சபாஷ்!' இல்லையா, 'தப்பு!' என்று சொல்லி அதையே திரும்பக் கேள். மொத்தம் பத்தே வரி.

ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. 7 + 5 வந்தது. 12 என்று தட்டினாள்.

'தப்பு!'

"பார்த்துப் போடு கண்ணு" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

விரல் விட்டு எண்ணினாள். மறுபடி 12. மறுபடி 'தப்பு!' 13 போட்டாள். 11 போட்டாள். "கவனம் எங்கே இருக்கு?" என்று ஓர் அதட்டலும் போட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நிமிர்ந்தால், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. "எனக்குக் கணக்கே வராதாப்பா?"

பகீரென்றது. எழுந்து போய் நானே 12 தட்டினேன். 'தப்பு!' பி.காமுக்கும் அதே மரியாதை.

ராத்திரி உட்கார்ந்து துருவினேன். புரோகிராம் போட்ட விடை, அவள் தட்டிய பதில் இரண்டையும் திரையில் காட்டச் சொன்னேன். 12, 12. பன்னிரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் என்ன சண்டை? இரண்டின் ஜாதகத்தையும் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒன்று எண், இன்னொன்று எழுத்து!

எக்ஸெலில் அவஸ்தைப்பட்டவர்களுக்கு உடனே புரியும். சில கட்டங்களில் எண் இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தால் எண், ஆனால் எழுத்தாகப் பதிந்தது; 'சம்' போட்டால் கூட்டலில் சேராது. பைத்தானும் அப்படியே. கீபோர்டில் எதைத் தட்டினாலும் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். 'இன்ட்' என்று ஒரு வார்த்தை சேர்த்து எண்ணாக்கச் சொல்லவேண்டுமாம். சேர்த்தேன். 'சபாஷ்!'

காலையில் அவளிடம் சொன்னேன்: "தப்பு என்னுது கண்ணு. நீ மொதல்லயே சரியாத்தான் போட்டே."

"அப்புறம் ஏம்ப்பா திட்டினே?"

அதற்குப் பத்து வரியில் பதில் இல்லை. அன்றிலிருந்து அவளுக்குப் புது உத்தியோகம்: புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது. கழித்தல் சேர்த்ததும் 3 - 8 வந்தது. "மூணுதானே இருக்கு, எட்டு எப்படிக் குடுக்கறது?" என்றாள். நம் மாதக் கடைசி நிலவரம். இரண்டாம் வகுப்புக்கு வேண்டாம் என்று பெரிய எண்ணை முன்னால் போடவைத்தேன். 'தப்பு!' என்பதையும் எடுத்துவிட்டு, 'இன்னொரு தரம் பார்க்கலாமா?' என்று மாற்றினேன்.

போன வாரம் 8 + 6 வந்தது. 15 போட்டாள். 'இன்னொரு தரம் பார்க்கலாமா?'

"அப்பா, இது மறுபடி தப்புப் பண்ணுது!"

இந்தத் தடவை பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். சேர்ந்து விரல் விட்டு எண்ணினோம். பதினாலு.

"சரி, இன்னிக்கு அது தப்பிச்சுது" என்றாள்.