பழைய சக்கரமா, புதிய சக்கரமா?

நம் கல்லூரியின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். அங்கே நிற்கும் வண்டிகளில் பல, பதினோராம் வகுப்பில் அரசு நமக்கு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகள். 2001-02இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அத்திட்டம் பின்னர் விரிவடைந்து, சிற்றூர்ப் பிள்ளைகள் பலரைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் நாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை எட்டும்போது வண்டிக்கும் வயதாகிவிடுகிறது. முதலில் தள்ளாடத் தொடங்குவது சக்கரந்தான். அதைச் செப்பனிடுவதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி எழும்போது, நம்மில் பெரும்பாலோர் கடைக்காரர் சொல்வதற்குத் தலையாட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

காந்திகிராமத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் உள்ளது எங்கள் ஊர். கல்லூரிக்குப் போக வரப் பன்னிரண்டு கிலோமீட்டர். சென்ற ஆண்டு என் வண்டியின் பின்சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஒன்றை மாற்றினால் பத்து நாளில் இன்னொன்று. மூன்றாம் முறை, "வீலே போச்சு தம்பி, புதுசாப் போட்டுரு" என்றார் ஒரு கடைக்காரர். தேர்வுக் கட்டணத்துக்கென அம்மா தந்திருந்த பணத்தில் புதிய சக்கரம் வாங்கினேன். பிறகு கட்டணத்தை அபராதத்துடன் கட்ட நேர்ந்தது. பழைய சக்கரம் திண்ணையில் கிடந்தது. எங்கள் ஊரில் நெடுங்காலமாகச் சைக்கிள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் அதைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குடம் நல்லாத்தானப்பா இருக்கு, ரிம்மும் நேரா இருக்கு. கம்பியை மட்டும் மாத்திக் கட்டியிருந்தாப் போதுமே" என்றார். அவரிடம் கற்றதையும் இயற்பியல் வகுப்பில் படித்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் பாரம் வந்தால், தரையை நோக்கி நிற்கும் மரத்தாலான ஆரக்கால் அதை நெஞ்சு கொடுத்துத் தாங்கும். சைக்கிள் கம்பியோ மெல்லியது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து விறைப்பாக்கி வைக்கிறார்கள். நாம் ஏறி உட்கார்ந்ததும், தரைக்கு அருகில் உள்ள சில கம்பிகளின் விறைப்பு சற்றுக் குறைகிறது. சக்கரம் சுழலும்போது அவை மீண்டும் விறைக்கின்றன. பெரிய சைக்கிளில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. மிதிக்கும் விசையைக் குடத்திலிருந்து ரிம்முக்குக் கடத்த வேண்டியிருப்பதால் அவற்றைக் குறுக்காகப் பின்னுகிறார்கள். இம்முறைக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார்.

28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 முறை சுழலும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் 5,400 சுழற்சி. கல்லூரி நாட்கள் 200 என்று கொண்டால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து விறைக்கிறது. நன்கு விறைத்த கம்பி இதைப் பல ஆண்டுகள் பொறுக்கும். தொளதொளத்த கம்பியோ, குடத்தில் மாட்டியிருக்கும் வளைவில் ஆடி ஆடிக் களைத்து அறும். கம்பிகள் அடுத்தடுத்து அறுவதற்குப் பெரும்பாலும் பாரம் காரணமன்று, தளர்வே காரணம். இது தெரியாமல்தான் நான் ஒவ்வொரு கம்பியாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகவே சக்கரத்தை ஒரே பொருளாக எண்ணலாகாது. குடம், ரிம், கம்பி என மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை.

முதலில் குடம். அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பால்ஸும் கோனும் தேய்ந்திருக்கலாம். அவை சிறு செலவு. மாற்றிக் கிரீஸ் வைத்தால் போதும். பால்ஸ் உருளும் கிண்ணத்திலேயே குழி விழுந்திருந்தாலோ, கம்பித் துளைகள் கிழிந்திருந்தாலோ குடம் போயிற்று.

அடுத்து ரிம். கம்பித் துளைகளைச் சுற்றி வெடிப்போ, அரித்த துருவோ உண்டா? பிரேக் கட்டை பிடிக்கும் இடம் மெலிந்துள்ளதா? பழைய கம்பி பிரேக் வண்டிகளில் கட்டை ரிம்மின் உட்புறத்தில் பிடிக்கும். கேபிள் பிரேக் வண்டிகளில் பக்கச் சுவரில் பிடிக்கும். கோட்டம் உள்ள ரிம்முக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கம்பிகளை முழுவதும் தளர்த்தி, ரிம்மைச் சமதளத் தரையில் படுக்க வையுங்கள். தரையோடு ஒட்டிக் கிடந்தால் கோட்டம் கம்பிகளின் ஏற்றத்தாழ்வால் வந்தது, எடுத்துவிடலாம். தூக்கிக்கொண்டு ஆடினால் ரிம்மே வளைந்துவிட்டது. அதைக் கம்பியால் இழுத்து நேராக்கினாலும் நாளடைவில் மீண்டும் கோணும்.

கடைசியாகக் கம்பி. ஒன்றிரண்டு அறுந்தால் மாற்றிவிட்டு, மற்றவற்றையும் சீராக முறுக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து அறுந்தால் முழுச் செட்டையும் மாற்றுவதே சிக்கனம்.

இனி முடிவு எளிது. குடமும் ரிம்மும் நன்றாக இருந்தால் புதுக்கம்பி போட்டுக் கட்டலாம். ரிம் மட்டும் கெட்டிருந்தால், அதே அளவும் அதே துளை எண்ணிக்கையும் உள்ள ரிம் வாங்கிக் கட்டலாம். குடமும் கெட்டிருந்தால் எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போது பெரும்பாலும் புதிய சக்கரமே மலிவு. எதற்கும் ரிம், கம்பி, கூலி ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை புதிய சக்கரத்தின் விலையை நெருங்கினால் பழையதை விட்டுவிடுங்கள். முன்சக்கர ரிம்மில் வெடிப்பு இருந்தால் கணக்கே பார்க்க வேண்டாம். பின்சக்கரம் மடங்கினால் வண்டி நிற்கும். முன்சக்கரம் மடங்கினால் நாம் முகங்குப்புற விழுவோம். புதிய சக்கரமே வாங்கினாலும், இரண்டு வாரம் ஓட்டிய பின் கம்பிகளை மறுபடி முறுக்கிக்கொள்வது நல்லது.

கிராமத்துக் கைத்திறனைக் கிராமத்திலேயே வளர்க்க வேண்டும் என்ற நோக்கோடு 1947இல் எழுந்தது காந்திகிராமம். அதன் அக்கம்பக்கத்து ஊர்க்காரன் நான், கைத்திறன் மிக்க ஒருவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு, கேட்காமல் பணத்தைத் தொலைத்தேன். இப்போது அந்தப் பழைய சக்கரம் புதுக்கம்பிகளோடு என் தங்கையின் வண்டியில் ஓடுகிறது. இந்த ஆண்டு பதினோராம் வகுப்புக்கு அவள் அதில்தான் போகிறாள்.